வறட்சி வயலுக்கு நெல்லினம் தெரிவு செய்யும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளத்து வாய்க்கால் நீரில் வேளாண்மை செய்பவருக்கும், குச்சவெளி, பன்குளம் பக்கங்களில் சிறு குளத்தையோ மழையை மாத்திரமோ நம்பி இரண்டு ஏக்கர் விதைப்பவருக்கும் ஒரே விதைநெல் பொருந்தாது. புதிய இனம் என்றதும் பலரும் விளைச்சலைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். தண்ணீர் நிச்சயமில்லாத வயலுக்கு முதலில் விசாரிக்க வேண்டியது அதன் வயது, அதாவது விதைத்ததிலிருந்து அறுவடை வரை செல்லும் காலம்.

விவசாயத் திணைக்கள இனங்களின் பெயரிலுள்ள எண்ணிலேயே பெரும்பாலும் வயது அடங்கியிருக்கிறது. பீஜி என்பது பத்தலகொடை நிலையத்தையும் ஏடி என்பது அம்பாந்தோட்டை மாவட்டத்து அம்பலாந்தோட்டை நிலையத்தையும் குறிக்கும். பீஜி 250 இரண்டரை மாத இனம். பீஜி 300, ஏடி 307, ஏடி 308 ஆகியவை மூன்று மாதம். பீஜி 352, ஏடி 362 மூன்றரை மாதம். பீஜி 94-1 போன்ற பழைய பெயர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

சிறுபோகத்தில், போக ஆரம்பக் கூட்டத்தில் அறிவிக்கப்படும் நீர் திறக்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் குறித்துக்கொண்டு, உழவுக்கும் பலகையடிப்புக்கும் செல்லும் நாட்களைக் கழித்துவிட்டு, மிஞ்சும் நாட்களை எண்ணுங்கள். அறுவடைக்குப் பத்து நாளளவு முன்பே வயலை வடிய விடலாம் என்பதால், மூன்றரை மாத இனத்துக்கு விதைத்த நாளிலிருந்து ஏறக்குறைய 95 நாள், மூன்று மாத இனத்துக்கு 80 நாள், பீஜி 250க்கு 70 நாள் தண்ணீர் வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் நெல்லை விட்டுவிட்டு, இரண்டு மாதமளவில் காய் பறிக்கக்கூடிய பயறையோ கௌபியையோ விதைப்பதே புத்தி. குடலைப் பருவத்திலும் (கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் இருக்கும் காலம்) பூக்கும் பருவத்திலும் தண்ணீர் தட்டுப்பட்டால் இழப்பு மிக அதிகம். அந்நேரம் கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்றும் சுட்டெரித்தால் கதிர் பதராகிவிடும்.

பெரும்போகத்தில் கணக்கு மாறும். ஒக்டோபர் நடுவில் பீஜி 250 விதைத்தால் அது ஜனவரி தொடக்கத்தில், வடகீழ்ப் பருவமழை விடாத நாட்களில் முற்றும். சாய்ந்த கதிர் வயலிலேயே முளைக்கவும் கூடும். ஆகவே மழை நேரத்துக்குத் தொடங்கினால் மூன்றரை மாத இனத்தையும், மழை பிந்தி விதைப்பும் பிந்தினால் மட்டும் குறுகிய வயதையும் எடுப்பது நல்லது. வறட்சிக்கு என்றதும் எப்போதும் ஆகக் குறுகிய வயதையே சிபாரிசு செய்யும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

குறுகிய வயதுப் பயிருக்குப் பிந்திய பராமரிப்பு உதவாது. களையாலோ பசளை தாமதித்ததாலோ முதல் மாதத்தில் பின்தங்கிய நெல்லுக்கு, மீண்டும் மட்டம் வெடித்து (பக்கக் கிளை விட்டு) எழுந்துகொள்ள நாள் கிடைப்பதில்லை. எனவே அந்த இனத்துக்குரிய பசளை அட்டவணையை விவசாயப் போதனாசிரியரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சுற்றிலும் பச்சையாக நிற்க உங்கள் வயல் மாத்திரம் பழுத்தால் குருவியும் எலியும் அங்கேதான் வந்து சேரும். வரம்பு அடுத்தவர்களோடு பேசி ஒரே வயது இனத்தை ஒரே வாரத்தில் விதைப்பது இதற்காகத்தான்.

மூதூர், கிண்ணியா கரையோரங்களில் வறட்சியோடு உவரும் ஏறுகிற வயல்களுக்கு, உவரைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஏடி 354 பொருத்தமானது.

எந்த இனமானாலும் முதற்போகம் வயலில் கால்வாசிக்கு மேல் விதைக்க வேண்டாம். அதே மண்ணில், அதே நாளில், வழக்கமான இனத்தைப் பக்கத்தில் விதைத்து, இரண்டையும் தனித்தனியே அறுத்து நிறுத்துப் பாருங்கள். ஆலைக்காரர் அந்த நெல்லை என்ன விலைக்கு எடுப்பார் என்பதை விதைக்கும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விதையைச் சான்றிதழ்ச் சீட்டுள்ள மூட்டையாகக் கமநல சேவை நிலையம் போன்ற நம்பகமான இடத்தில் வாங்குங்கள். வாங்கியதில் 100 மணிகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, 85க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று பாருங்கள். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் சில போகங்களுக்குச் சொந்த விதையையே வைத்துக்கொள்ளலாம். கலப்பினச் சோளத்தில் அது நடக்காது. விதைக்கு ஒதுக்கும் வரவையில் (வயல் துண்டில்) பன்றி நெல் என்னும் களை நெல்லையும் வேற்றுக் கதிர்களையும் பூக்கும்போதே பிடுங்கிவிட்டு, தனியாக அறுத்து, நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் பலகையின் மேல் அடுக்குங்கள்.