சுத்தம் செய்யப்பட்ட நாணயத்தைக் கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நாணயம் ஒன்றைக் கையில் எடுக்கும் புதிய சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அதன் பளபளப்பைத்தான். முதல் தவறும் அங்கேயே நேர்ந்துவிடுகிறது. தேய்த்து வரவழைத்த பளபளப்பு வேறு, அச்சடிக்கும்போதே பிறந்த ஒளி வேறு. அச்சு பெரும் விசையோடு உலோக வில்லையின்மீது இறங்கும்போது, உலோகம் விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தனித்தனியாகப் புலப்படாத நுண்வரிகளை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. அந்த வரிகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றும்போது, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வட்டமாகச் சுற்றி வரும். துணியால் துடைத்தாலும், பற்பசையோ சமையல் சோடாவோ வைத்துத் தேய்த்தாலும், அமிலக் கரைசலில் நெடுநேரம் ஊறவிட்டாலும் இந்த வரிகளே சேதமடைகின்றன. அழிந்த வரிகளை எவராலும் மீட்க முடியாது.

தேய்மானத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. பல ஆண்டுகள் கைமாறிய வெள்ளி நாணயம் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். உருவத்தின் கன்னமும் தலைமுடியும் மழுங்கிப் போயிருக்க, சுற்றியுள்ள வெற்றுப் பரப்பு மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தால் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். அப்போது எழுத்துகளின் ஓரங்களை லென்ஸில் பாருங்கள். தேய்த்த துணியோ தூரிகையோ எட்டாத மூலைகளில் கறுத்த அழுக்கு அப்படியே படிந்திருக்கும். அதை ஒட்டி மங்கலான ஒரு விளிம்பு. அதற்கு அப்பால் திடீரென்று வெளுத்த உலோகம். இந்த மூன்றையும் ஒருமுறை அருகில் பார்த்த கண் பிறகு மறக்காது.

பார்க்கும் வெளிச்சம் சரியில்லையென்றால் இவை எதுவும் தெரியாது. டியூப்லைட்டின் பரவலான ஒளி மயிரிழைக் கீறல்களை மறைத்துவிடும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு குண்டு பல்பின் கீழ், முதலில் வெறும் கண்ணாலும் பிறகு 5 முதல் 10 மடங்கு பெருக்கும் லென்ஸாலும் பார்க்க வேண்டும். நாணயத்தை அசைக்காமல் பார்ப்பதில் பயனில்லை. நான் மாசற்றது என்று நம்பி வாங்கிய வெள்ளி நாணயம் ஒன்றை இப்படிச் சாய்த்தபோது, இடப்பக்க வெற்றுப் பரப்பில் ஒரே திசையில் ஓடும் கீறல்களின் கூட்டம் ஒரு கணம் மின்னி, அடுத்த அசைவில் மறைந்தது. கட்டைவிரலும் துணியும் சென்ற வழி அதில் அப்படியே பதிந்திருந்தது. அதை இழப்பாகவே இன்றும் கருதுகிறேன். பணத்துக்காக மட்டுமல்ல, அத்தனை காலம் தப்பிப் பிழைத்த ஒரு மேற்பரப்பு ஒரு நிமிட ஆர்வத்தில் பாழானதற்காகவும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: கோடு தெரிந்தாலே சுத்தம் செய்யப்பட்டது என்று தள்ளிவிடுவது. நாணயச்சாலையில் அச்சையே மெருகேற்றுவார்கள். அச்சில் வெற்றுப் பரப்பு மேடாகவும் எழுத்தும் உருவமும் பள்ளமாகவும் இருப்பதால், மெருகுக்கல் பள்ளங்களைத் தொடாமல் மேட்டை மட்டும் கீறும். அந்தக் கீறல் நாணயத்தில் புடைத்த கோடாக விழும். ஆகவே அச்சு மெருகுக் கோடு எழுத்தின் ஓரத்தில் நின்று, எழுத்துக்கு அப்பால் மீண்டும் தொடரும். துடைத்ததால் வந்த கீறலோ உலோகத்துக்குள் குழிந்திருக்கும். எழுத்தின்மீதும் உருவத்தின்மீதும் ஏறிக் கடந்து போகும். 18ஆம் நூற்றாண்டிலும் அதற்கு முன்பும் வெளியான பொன், வெள்ளி நாணயங்கள் சிலவற்றில், எடை கூடிய வில்லையை அச்சடிக்கும் முன் அரத்தால் ராவிய தடங்கள் எஞ்சியிருக்கும். அவையும் தயாரிப்பின் பகுதியே. மாறாக, உருவத்தின் உச்சியில் மட்டும் இணைகோடுகள் இருந்தால், பழைய ஆல்பத்தின் பிளாஸ்டிக் தகடு உரசியதாக இருக்கலாம். அது சுத்தம் செய்ததன் விளைவன்று, ஆனாலும் சேதமே.

சுழலும் கம்பித் தூரிகையால் செயற்கை ஒளி ஏற்றிய நாணயத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராக மின்னும். சக்கர ஒளி சுற்றாது. தள்ளப்பட்ட உலோகம் எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய வரப்பாகக் குவிந்து நிற்கும்.

நிறத்தைப் பற்றிய தவறுகள்தாம் அதிகம் ஏமாற்றுகின்றன. வெள்ளியின் கருமை வெள்ளி சல்ஃபைடு. கரைசலில் முக்கும்போது அந்தப் படலத்தோடு, உலோகமாக இருந்து சல்ஃபைடாக மாறிய வெள்ளியும் போய்விடுகிறது. பலமுறை முக்கிய நாணயம் வெண்மையாக இருந்தாலும் உயிரற்று, சுண்ணாம்பு பூசியதுபோல் தோன்றும். செம்பு நாணயத்தில் வேறு விதம்: பழுப்பேறிய செம்பை உரித்தால் புதுக்காசின் செம்மை திரும்பாது, இளஞ்சிவப்போ அப்பட்டமான ஆரஞ்சோ கலந்த ஒவ்வாத நிறமே வரும். இந்தக் குறையை மறைக்க வேதிப்பொருளாலும் சூட்டாலும் டோனிங் எனப்படும் நிறப்படலத்தை ஏற்றுவோரும் உண்டு. வெள்ளியில் இயல்பாகப் படியும் நிறம், படலம் தடிக்கத் தடிக்க மஞ்சளிலிருந்து செவ்வூதா, நீலம் என்று படிப்படியாக மாறும். நிறங்கள் இடையில் தாவினாலோ, திட்டுத்திட்டாகத் தேங்கினாலோ சந்தேகப்படுங்கள். நிறம் இயல்பானது என்று தெரிந்த பிறகும் தேடலை நிறுத்த வேண்டாம். பழைய கீறல்களின்மீது பல ஆண்டுகளில் உண்மையான டோனிங்கே படிந்திருக்கக்கூடும்.

கழுவுவது எல்லாமே குற்றம் என்று நினைப்பதும் சரியன்று. பி.வி.சி. எனும் பிளாஸ்டிக் உறைகள் விட்டுச் செல்லும் பச்சைப் பிசினைத் தூய அசிட்டோனில் தேய்க்காமல் ஊறவைத்து நீக்கலாம். அது உலோகத்தைத் தின்பதில்லை, ஆனால் பிசினை அப்படியே விட்டால் அது தின்னும். மண்ணிலிருந்து எடுத்த பண்டைய நாணயங்களுக்கும் அளவுகோல் வேறு. அவற்றுள் பெரும்பாலானவை சுத்தம் செய்யப்பட்டவையே; களிம்புப் படலத்தை உரித்தார்களா, உலோகத்தைச் சுரண்டினார்களா என்பதுதான் அங்கே கேள்வி.

1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய தரமதிப்பீட்டு நிறுவனங்கள், முறையற்றுச் சுத்தம் செய்த நாணயத்துக்கு 70 புள்ளி அளவுகோலில் எண் தராமல், தேய்மான நிலையைச் சொல்லால் குறித்து, குறை உள்ளது என்பதற்கு அடையாளமாக ‘டீடெய்ல்ஸ்’ என்று சேர்க்கின்றன. அத்தகைய மதிப்பீடு இல்லாத நாணயத்தை ஒற்றைப் புகைப்படத்தை நம்பி வாங்க வேண்டாம். ஒரே விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும் வீடியோவை விற்பவரிடம் கேளுங்கள். ஒளிப்பட்டை எந்த இடத்தில் அறுபடுகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.