பெர்லின் சுற்ற வருகிறவர்கள் செய்யும் தவறுகள், நான் செய்தது உட்பட

போன மாதம் சித்தப்பா மகன் மனைவியோடு பெர்லின் வந்திருந்தான். மூன்று நாள் பயணத் திட்டத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். மாணவனாக இங்கே வந்த புதிதில் நான் போட்ட அதே திட்டம், வரிசைகூட மாறவில்லை. வருடத்துக்கு நாலைந்து குடும்பங்களையாவது ஊர் சுற்றிக் காட்டுகிறேன். எல்லாரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, டிக்கெட்டில் முத்திரை பதிக்காவிட்டால் அபராதம் என்பதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

செக்பாயின்ட் சார்லியில் சுவரைத் தேடுவது

'பெர்லின் சுவர்: செக்பாயின்ட் சார்லி, 3 மணி நேரம்' என்று தம்பி எழுதியிருந்தான். அங்கே பார்க்கச் சுவர் கிடையாது. கிழக்கு, மேற்கு பெர்லினுக்கு இடையே நேச நாட்டுப் (அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு) படையினரும் வெளிநாட்டவரும் கடந்து போன சோதனைச் சாவடி அது. 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்ற தெரு, அதனால் வந்த புகழ். இன்று நடுத்தெருவில் நிற்கும் வெள்ளைச் சாவடி 2000இல் வைத்த நகல். 1990இல் கிரேன் வைத்துத் தூக்கிய கடைசிச் சாவடி ஊரின் தென்மேற்கே, நேச நாடுகள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றபடி சுற்றிலும் பர்கர் கடையும் சாவிக்கொத்தும்தான்.

2014இல் அரை நாளை அங்கே தொலைத்தவன் நான். அமெரிக்கச் சிப்பாய் உடுப்பில் ஒருவர் கொடியோடு நின்றார். பக்கத்தில் நின்று படம் எடுக்கக் காசு. அப்புறம் கிழக்கு ஜெர்மனி முத்திரை என்று இன்னும் சில யூரோ வாங்கிக்கொண்டு ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார், என் அசல் பாஸ்போர்ட்டில்! வெற்றுப் பக்கத்தைப் புரட்டி நீட்டியதே நான்தான். அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. எட்டு மாதம் கழித்து வேறொரு நாட்டு விசாவுக்குப் போனபோது, இது எந்த நாட்டு முத்திரை என்று கேட்டார்கள். இப்போது இல்லாத நாட்டினுடையது என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. புதுப் பாஸ்போர்ட், வீணாய்ப்போன விமான டிக்கெட், எல்லாம் சேர்த்தால் ஒரு மாத வாடகைக்கு மேல்.

அந்த வேடக்காரர்களுக்கு 2019இல் தடை வந்துவிட்டது. முத்திரை ஆசைதான் நம் ஆட்களை விட்டபாடில்லை. யார் எங்கே கேட்டாலும் தபால் அட்டையை நீட்டுங்கள்.

அத்தனை செலவும் செய்து, அன்று சுவரைப் பார்க்காமலே அறைக்குத் திரும்பியிருக்கிறேன். சுவர் பார்க்க வேண்டுமென்றால் பெர்னாவர் தெருவுக்குப் போங்கள். ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையத்திலிருந்து வடக்கே எஸ்-பான் நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தம், நோர்ட்பான்ஹோஃப். சுவர் இருந்த காலத்தில் மேற்கு பெர்லின் ரயில்கள் நிற்காமல் கடந்த பேய் நிலையங்களில் அதுவும் ஒன்று. நிலையத்துக்குள்ளேயே அதைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது, ஓடாமல் நின்று படியுங்கள்.

வெளியே வந்தால் 1.4 கிலோமீட்டருக்கு எல்லைப் பட்டை நினைவிடமாக நீள்கிறது. கட்டணம் இல்லை. இந்தத் தெருவில் வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை, வாசலுக்கு வெளியே நடைபாதை மேற்கு. 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லையை அடைத்து, வாசல்களையும் பூட்டியதும் மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து குதித்த இடா ஸீக்மன் ஆகஸ்ட் 22 அன்று இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 59வது பிறந்தநாள்.

எதிர்ப்புறம் ஆவண மையத்தின் கோபுரத்தில் ஏறுங்கள் (திங்கட்கிழமை மூடியிருக்கும்). முன்சுவர், பின்சுவர், நடுவே வெட்டவெளி, அதில் ஒரு காவல் கோபுரம். கீழே நின்று கான்கிரீட்டைத் தடவிப் பார்த்தால் புரியாதது மேலேயிருந்து ஒரே பார்வையில் புரிந்துவிடும். தம்பி மனைவி கீழே இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பிதான், "அண்ணா, இந்த இடத்தை யாருமே சொல்லலையே" என்றான். நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

ஈஸ்ட் சைடு கேலரி ஓவியங்களைச் சுவர்க்காலத்தவை என்று நம்புவது

எஞ்சி நிற்கும் சுவர்த் துண்டு ஒன்றில் 1990இல் வரைந்தவை. காவல் இருந்த காலத்தில் கிழக்குப் பக்கம் ஒரு கோடு கிழிக்க விட்டிருப்பார்களா?

பெர்கமோன் அருங்காட்சியகத்தை நம்பி நாளை ஒதுக்குவது

2023 அக்டோபரில் புதுப்பிப்புக்காக முழுவதும் மூடினார்கள். பெர்கமோன் பலிபீடம் இருக்கும் பகுதியை 2027இல் திறப்பதாகத் திட்டம். பாபிலோனின் இஷ்டார் வாசலுக்கு அதற்கு மேலும் பல வருடம் பிடிக்கும். நெஃபெர்டிட்டி சிலையும் இங்கேதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பக்கத்துக் கட்டிடம், நொயெஸ் அருங்காட்சியகம்.

நாடாளுமன்றக் கண்ணாடிக் குவிமாடத்துக்கு நேரே போய் நிற்பது

இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டும். பெயர், பிறந்த தேதி கேட்பார்கள். முத்திரை விழாத பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள்.

யூதர் நினைவிடத்துக் கற்களில் ஏறிப் படம் எடுப்பது

வேண்டாம்.

பிராண்டன்பர்க் வாசலை மேற்கிலிருந்து படம் பிடிப்பது

மேலே இருக்கும் நாலு குதிரை ரதத்தை 1806இல் நெப்போலியன் பாரிசுக்குத் தூக்கிப் போனார், 1814இல் மீட்டு வந்தார்கள். ரதம் கிழக்கே, ஊரைப் பார்த்து நிற்கிறது. அதனால் பாரிஸ் சதுக்கத்துப் பக்கம் நின்று எடுங்கள். தம்பியின் படங்களில் குதிரை வால்தான் இருக்கிறது.