அமெரிக்கக் கவுண்டி ஆவணங்களில் குடும்ப வரலாறு தேடுவது எப்படி? ஒரு ஸ்க்ரான்டன் குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன்

பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கிளைகளை நான் வாயாலேயே சொல்லிவிட்டேன். மருமகள் பக்கம் அவளுடைய தாத்தாவோடு நின்றுபோனது. போலந்திலிருந்து வந்தவர்கள், பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ரான்டனில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அந்தக் கிளையும் குழந்தைக்குச் சொந்தம்தானே என்று நானே தேட உட்கார்ந்தேன். இந்த ஊர் ஆவணங்கள் பற்றி எனக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. இதே நிலையில் இருக்கும் உங்களுக்காக, தேடிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டிலிருந்து தொடங்குங்கள்

இணையத்துக்குப் போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். நான் சம்பந்தியைத் தொலைபேசியில் பிடித்தேன். "பெட்டியில் ஏதோ பழைய காகிதம் இருக்கிறது" என்றார். அதில் ஒரு சின்ன அட்டை கிடைத்தது. கத்தோலிக்கர்கள் இறுதிச் சடங்கில் கொடுப்பது; முன்னால் மாதா படம், பின்னால் அவருடைய தாத்தாவின் பெயரும் 1961இல் இறந்த தேதியும். அந்த ஒரு தேதி போதும். பிறப்பிலிருந்து முன்னோக்கி வராமல், இறப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

இரண்டாம் படி: இறப்புச் சான்றிதழ்

பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1906இல்தான் தொடங்கியது. இறப்புப் பதிவு 50 ஆண்டு கழித்தும், பிறப்புப் பதிவு 105 ஆண்டு கழித்தும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். அவை ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போகும். வேறு மாநிலம் என்றால் ஆண்டுகள் மாறும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பழைய ஆவணங்களை இணையத்தில் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். அதே மாதிரியான ஆன்செஸ்ட்ரி தளத்துக்குச் சந்தா உண்டு. ஆனால் காப்பகம் அதில் ஏற்றியிருக்கும் ஆவணங்களைப் பென்சில்வேனியாவில் வசிப்பவர்கள் காசில்லாமல் பார்க்கலாம்.

1961 சான்றிதழில் இறந்தவருடைய அப்பா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கிடைத்தன. அதைப் பிடித்துக்கொண்டு அந்த அப்பாவின் சான்றிதழைத் தேடினேன். 1911இல் இறந்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் 'மைனர்ஸ் ஆஸ்துமா' என்று எழுதியிருந்தது. கரித்தூள் நுரையீரலில் படிந்து மூச்சு முட்டும் நோய்க்கு அன்றைய பெயர் அது. கொஞ்ச நேரம் எனக்கு அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். தகவல் சொன்னவர் யார் என்று சான்றிதழின் ஓரத்தில் ஒரு வரி இருக்கும். இவர் விஷயத்தில் சொன்னது மருமகன். மாமனாரின் பெற்றோர் பெயருக்கு நேரே 'தெரியாது' என்று போட்டிருந்தது. துக்க வீட்டில் யாரோ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். இறந்த தேதியை நம்புங்கள். பிறந்த ஆண்டை வேறொரு தாளோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: மக்கள்தொகைக் கணக்கு

1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். 72 ஆண்டு கழித்தே ஆட்களின் பெயர்களோடு வெளியிடுவார்கள் என்பதால் இப்போது 1950 வரை பார்க்கலாம். 1890 கணக்கு மட்டும் 1921 தீ விபத்தில் சிதைந்து, மிகப் பெரும்பகுதி அழிந்துபோனது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தேடும்போது பெயரின் எழுத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். போலிஷ் மொழியில் 'டபிள்யூ' எழுத்தை 'வ' என்றுதான் சொல்வார்கள். கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி 'வி' போட்டிருப்பார். எங்கள் குடும்பப் பெயரை மூன்று கணக்கெடுப்பில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். பிறந்த நாடும் அப்படித்தான். 1918 வரை போலந்து என்று தனி நாடு கிடையாது. ரஷ்யா, ஆஸ்திரியா, ஜெர்மனி மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 1900இல் 'ரஷ்யா' என்று இருந்தால், வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். முகவரி, பிள்ளைகளின் பெயர், வயது மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

1900 தாளில் ஒரு பத்தியை யாரும் தவறவிடக் கூடாது. அம்மாவுக்கு நேராக, எத்தனை பிள்ளை பெற்றார், அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று இரண்டு எண்கள். எங்கள் தாளில் 8, 5. சம்பந்திக்கு ஐந்து பேரைத்தான் தெரியும். மீதி மூன்று பிள்ளைகளைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

நான்காம் படி: கவுண்டி நீதிமன்றம்

கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. ஊர் தெரிந்தால் போதாது, அந்த ஆண்டில் அந்த ஊர் எந்தக் கவுண்டியில் இருந்தது என்பது தெரிய வேண்டும். ஸ்க்ரான்டன் இன்று லாக்கவானா கவுண்டி. அது லுசெர்ன் கவுண்டியிலிருந்து 1878இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய பத்திரமும் உயிலும் லுசெர்ன் கவுண்டியின் தலைநகரான வில்க்ஸ்-பாரியில் இருக்கும்.

நிலப் பத்திரத்துக்கு 'ரெக்கார்டர் ஆஃப் டீட்ஸ்', உயிலுக்கு 'ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ்'. பத்திரத்துக்கு விற்றவர் பெயரில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை உண்டு, இரண்டையும் பாருங்கள். கல்யாணப் பதிவு 'ஆர்ஃபன்ஸ் கோர்ட்' என்ற பிரிவில் இருக்கும். பெயரைப் பார்த்து அநாதைப் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கல்யாண உரிமம் வாங்கும் வழக்கம் பென்சில்வேனியாவில் 1885 அக்டோபரில் வந்தது. எங்கள் ஜோடிக்கு 1886இல் கல்யாணம், அதனால் மாட்டியது.

நேரில் போவதானால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். பழைய புத்தகங்களை வேறு கட்டடத்தில் வைத்திருப்பதுண்டு. பெயர், தோராயமான ஆண்டு, என்ன ஆவணம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அலுவலரிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டாம், அந்தத் தாளை நீட்டினால் போதும். ஒவ்வொரு நகலின் பின்னாலும் எந்த அலுவலகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். நான் முதல் மாதம் இதைச் செய்யாமல், பார்த்த புத்தகத்தையே மறுபடி மறுபடி பார்த்தேன்.

சுரங்கக் குடும்பம் என்றால்

மாநிலக் காப்பகத்தில் சுரங்க விபத்துப் பதிவேடுகள் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 1870 முதல் சுரங்க ஆய்வாளர்களின் ஆண்டறிக்கைகளில் விபத்தில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் உண்டு. 1869 செப்டம்பரில் லுசெர்ன் கவுண்டியின் ஏவன்டேல் சுரங்கத்தில் தீப்பிடித்து 110 பேர் இறந்தார்கள். வெளியே வர அந்தச் சுரங்கத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த பாதுகாப்புச் சட்டத்தால்தான் இந்த அறிக்கைகள் கிடைக்கின்றன.

சரி, அந்த மூன்று பிள்ளைகள்? 1906க்கு முன்னால் மாநிலப் பதிவு இல்லை. ஆனால் 1893 முதல் 1905 வரை கவுண்டிகளே பிறப்பு, இறப்புப் பதிவேடு வைத்திருந்தன. அதில் ஒரு பெண் குழந்தை கிடைத்தது, பதினோரு மாதத்தில் இறந்திருக்கிறது. 1893க்கு முன் என்றால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். அந்தத் தேவாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். லத்தீனில் எழுதிய ஒரு வரியின் படம் வந்தது, இன்னொரு பையனின் பெயரோடு. பேத்தி இரண்டு பெயரையும் மரத்தில் எழுதிவிட்டாள். மூன்றாவது கட்டத்தை வரைந்து காலியாக விட்டிருக்கிறாள். அடுத்து கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் அடக்கப் பதிவேட்டைப் பார்க்கப் போகிறோம்.