பி.பி. பார்க்கும் முன் 5 நிமிடம்
பி.பி. பார்க்கப் போனால், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். நர்ஸ் அவசரப்படுத்தினாலும் நேரம் கேட்டு உட்காருங்கள். கடலூர் வெயிலில் பஸ் பிடித்து, மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டி, ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும்; நிரம்பிய சிறுநீர்ப்பையும் பி.பி.யை ஏற்றும். உட்கார்ந்ததும் மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கும். அப்போது வரும் அளவைத்தான் நம்பலாம்; வீண் மாத்திரைச் செலவும் மிச்சம். டீ, காபி குடித்திருந்தால் அரை மணி நேரமாவது போகட்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது என்றால் உட்காரவே வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோ, நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.