ரப்பரில் ஒரு நுங்கு: கையால் முத்திரை செதுக்கிப் பரிமாற்ற அட்டை செய்யும் முறை

பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரைச் செதுக்கி முத்திரையாக்கி, அதைச் சிறிய அட்டைகளில் பதித்து, இதே ஈடுபாடு உள்ள மற்றவர்களின் அட்டைகளோடு மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. முதல் ஆறு மாதங்களில் நான் செதுக்கியவற்றில் பெரும்பாலானவை பத்துப் பதிவுகளுக்குள் கோடு உடைந்து வீணாயின. அதற்குக் காரணம் ரப்பரின் தரமோ கத்தியின் கூர்மையோ அல்ல, கத்தியை நான் சாய்த்துப் பிடித்த பக்கம்தான் என்பது வெகு தாமதமாகவே எனக்கு விளங்கியது. ஆகவே மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த ஒரு படியைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக நாம் செதுக்கப் போவது வெட்டிய நுங்கு. வெளியே தடித்த ஒரு வளையமும் உள்ளே மூன்று கண்களும்தான் அதன் உருவம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் இதையே சொல்கிறேன். வட்டம் சற்றுக் கோணினாலும் நுங்கு நுங்காகவே தெரியும்.

அட்டையின் அளவு

பரிமாற்ற அட்டையின் அகலம் 64 மி.மீ., உயரம் 89 மி.மீ.; அங்குலக் கணக்கில் இரண்டரைக்கு மூன்றரை. விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்டுச் சேகரிக்கப்படும் அட்டைகளின் அளவும் இதுவே. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் எம். வென்ச்சி ஷ்டிர்னெமான் என்ற கலைஞர் 1997-இல் தொடங்கிவைத்த பரிமாற்றக் கூட்டங்களிலிருந்து ‘ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு’ என்ற இந்த வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. அட்டையை விற்பதில்லை, மாற்றிக்கொள்வது மட்டுமே என்பது அதன் அடிப்படை. அளவு ஒன்றாக இருப்பதால் யாருடைய அட்டையும் யாருடைய சேகரிப்பு உறையிலும் பொருந்தும். எனவே ‘ஏறக்குறைய’ வெட்டிய அட்டையை அனுப்ப வேண்டாம்.

ஏ4 தாளில் குறுக்கே மூன்றும் நெடுக்கே மூன்றுமாக ஒன்பது அட்டைகள் கிடைக்கும். பக்கவாட்டில் 18 மி.மீ., நீளத்தில் 30 மி.மீ. மிஞ்சும். நான் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, பளபளப்பு பூசாத தாளையே பயன்படுத்துகிறேன். சார்ட் பேப்பர் மெல்லியது. கையில் எடுத்தவுடன் வளைந்துவிடுகிறது. ஒன்பது நல்ல அட்டைகள் வேண்டுமானால் பன்னிரண்டு வெட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பதிப்பதில் மூன்றேனும் கெட்டுப்போகும்.

ரப்பரும் கருவிகளும்

செதுக்குவதற்கு ஏற்றது வினைல் என்ற பிளாஸ்டிக்கால் செய்த வெள்ளை ரப்பர். மணல் கலந்த ரப்பரும், வளைத்தால் வெடிப்பு விடும் பழைய ரப்பரும் வேண்டாம். ஸ்டெட்லர் மார்ஸ் பிளாஸ்டிக் பெரிய ரப்பர் 65 மி.மீ. நீளம், 23 மி.மீ. அகலம், 13 மி.மீ. தடிமன் கொண்டது. அதில் 23 மி.மீ. சதுரமாக ஒரு துண்டை நறுக்கினால் நுங்குக்கு ஆயிற்று. எஞ்சிய 42 மி.மீ. துண்டு ‘நுங்கு’ என்று பெயர் எழுதப் பயன்படும். முத்திரைக்கென்றே விற்கப்படும் இளஞ்சிவப்பு நிற ஸ்பீட்பால் பலகை இதைவிட மிருதுவானது, பெரிய படத்துக்கு நல்லது. ஆனால் முதல் பத்து முத்திரைகளை விலை குறைந்த ரப்பரிலேயே செதுக்குங்கள். வீணாகுமே என்ற தயக்கம் இருந்தால் கை இறுகிவிடும்.

கருவிகளில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. லினோ கட்டர் எனப்படும் செதுக்குக் கருவியின் கைப்பிடி ஒன்று, அதில் பொருத்த ‘வி’ வடிவ மெல்லிய அலகு ஒன்று, அகலமான ‘யு’ வடிவ அலகு ஒன்று, 9 மி.மீ. அலகை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் கத்தி ஒன்று: இவை போதும். பன்னிரண்டு உளிகள் கொண்ட மரச்செதுக்குப் பெட்டியை வாங்கிய எவரும் அதில் மூன்றுக்கு மேல் தொட்டதை நான் பார்க்கவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல மை வாங்கலாம்.

படத்தை ரப்பருக்கு மாற்றுதல்

ரப்பரின் மேற்புறத்தில் மாவு போன்ற பூச்சு இருக்கும். சோப்பு நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். பட்டர் பேப்பரில் 2பி அல்லது 4பி பென்சிலால் படத்தை நேராக வரைந்து, கரி வேண்டிய இடங்களை அழுத்தி நிரப்புங்கள். பிறகு வரைந்த பக்கம் ரப்பரைத் தொடும்படி கவிழ்த்து, நகராமல் பிடித்துக்கொண்டு, கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் ரப்பரில் ஏறிவிடும். கவிழ்க்கும்போதே இடவல மாற்றம் நிகழ்ந்துவிடுவதால், செதுக்கிப் பதிக்கும்போது படமும் எழுத்தும் நேராக விழும். கார்பன் தாளை வைத்து நேரடியாக வரைந்தால் இந்த மாற்றம் நிகழாது. நுங்குக்கு அதனால் கேடில்லை, எழுத்துக்கு உண்டு.

வளையத்தை இரண்டு மி.மீ. தடிப்பிலும், மூன்று கண்களை முழுவதும் கறுப்பு நிரப்பிய நீள்வட்டங்களாகவும் வரையுங்கள். எந்தக் கோடும் ஒரு மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

கத்தி எந்தப் பக்கம் சாய வேண்டும்?

ரப்பரில் எஞ்சி நிற்பதே மையை வாங்கும், வெட்டியெடுத்த இடம் வெள்ளையாக விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எஞ்சி நிற்கும் கோட்டின் பக்கவாட்டு வடிவத்தைத்தான் நான் கவனிக்கத் தவறினேன்.

வயல் வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடி அகன்று மேலே குறுகியிருந்தால்தான் அது மிதியைத் தாங்கும். அடியை நீர் அரித்துவிட்டால் மேலே எவ்வளவு சீராக இருந்தாலும் ஒரு நாள் சரிந்துவிடும். முத்திரையின் கோடும் அப்படியே. கத்தி மேலிருந்து கீழே இறங்கும்போது அதன் முனை கோட்டை விட்டு விலகிச் செல்ல வேண்டும். முனை கோட்டின் அடிக்குள் புகுந்துவிட்டால், மேலிருந்து பார்க்கையில் குறை எதுவும் தெரியாது. பத்துப் பதினைந்து முறை அழுத்தியபின் கோடு வளைந்து, பிறகு துண்டு துண்டாக உதிரும்.

உடைந்த என் முத்திரைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு இருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பக்கத்துச் சரிவு ஒழுங்காக இருந்தது, மறுபக்கம் உள்வாங்கியிருந்தது. வலக்கைப் பழக்கமுள்ள நாம் கத்தியையும் பேனாவைப் போலவே பிடிக்கிறோம். கைப்பிடி வலப்புறம் சாய்கிறது, முனை இடப்புறம் நோக்கி இறங்குகிறது. கோடு கத்திக்கு வலப்பக்கத்தில் இருந்தால் முனை கோட்டை விட்டு விலகும், சரிவு சரியாக அமையும். கோடு இடப்பக்கத்தில் இருந்தால் அதே பிடி கோட்டின் அடியைக் குடைந்துவிடும். நான் ரப்பரை அசைக்காமல் வைத்துக்கொண்டு கோட்டின் இரு பக்கத்தையும் ஒரே பிடியில் வெட்டியதுதான் பிழை.

இதற்குத் தீர்வு எளிது. கோட்டை எப்போதும் கத்திக்கு வலப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெட்டி முடிந்ததும் ரப்பரை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால், மறுபக்கத்தை வெட்டும்போதும் கோடு வலப்பக்கத்துக்கே வந்துவிடும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இதை இடப்பக்கம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ‘வி’ அலகு இரு பக்கமும் சரிவாக வெட்டுவதால் அதில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் அலகைப் பக்கவாட்டில் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

இனி நுங்குக்கு வருவோம். கட்டர் கத்தியின் முனையால் மூன்று கண்களைச் சுற்றியும், வளையத்தின் உள்விளிம்பிலும் இரண்டு மி.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். வளைவில் கையைத் திருப்பாதீர்கள். கத்தி ஓரிடத்தில் நிற்க, இடக்கை ரப்பரை மெல்லச் சுழற்ற வேண்டும். குயவரின் சக்கரத்தில் கை நிற்க மண் சுழல்வதைப் போன்றது இது. பிறகு கண்களுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள பகுதியை ‘யு’ அலகால் மூன்று மி.மீ. ஆழம் வரை சீவி எடுங்கள். ஆழம் போதாவிட்டால் அழுத்தும்போது அந்தப் பள்ளமும் மை தொட்டுப் புள்ளி புள்ளியாகப் பதியும். சீவும்போது அலகு போகும் திசையில் இடக்கை விரல் ஒருபோதும் இருக்கக் கூடாது. கடைசியாக வளையத்துக்கு வெளியே நான்கு மூலைகளையும் கட்டர் கத்தியால் நறுக்கி நீக்குங்கள். இங்கும் கத்தி வெளிப்புறமாகச் சரிந்து இறங்க வேண்டும். கண்களுக்குள் சிறு பிறை போன்ற ஒளிக்கீற்றை ‘வி’ அலகின் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம்.

தமிழ் எழுத்தை வெள்ளையாக விடுங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட செய்முறைகள் எழுத்தைச் சுற்றி ரப்பரை நீக்கி, எழுத்தை மேடாக நிறுத்தச் சொல்கின்றன. தமிழுக்கு அது மிகவும் கடினம். சுழிகளுக்குள்ளே உள்ள சிறு துளைகளைத் தோண்ட வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி தனியே ஒரு மொட்டுப் போல நிற்க வேண்டும். அது முதலில் உதிர்ந்துவிடும். நான் எழுத்தையே பள்ளமாகச் செதுக்கிப் பின்புலத்தைக் கறுப்பாக விடுகிறேன். அப்போது ‘வி’ அலகு எழுதுகோலாகிறது: நாம் எழுதும் வளைவு எதுவோ அதுவே அலகு செல்லும் வழி. எழுத்தின் உயரம் எட்டு மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் ‘நுங்கு’ என்ற சொல் 42 மி.மீ. துண்டில் தாராளமாக அடங்கும். ‘ங்’ மீதுள்ள புள்ளிக்கு அலகின் முனையைச் செங்குத்தாக ஊன்றி, ரப்பரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வட்டமான குழி கிடைக்கும்.

பதித்தல்

ரப்பரில் ஒட்டியிருக்கும் பென்சில் கரியைச் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பதிவுகள் சாம்பல் நிறம் காட்டும். முத்திரையை ஸ்டாம்ப் பேடில் அழுத்துவதற்குப் பதிலாக, செதுக்கிய முகம் மேலே இருக்கும்படி முத்திரையை வைத்து, பேடை அதன்மேல் மெல்லத் தட்டுங்கள். பள்ளங்களில் மை தேங்காது. புதிய ரப்பர் மையை ஒட்டவிடாமல் முத்து முத்தாகத் திரட்டும். பழைய தாளில் நான்கைந்து முறை பதித்தபின் அது சரியாகிவிடும்.

அட்டைக்கு அடியில் செய்தித்தாளை எட்டு மடிப்பாக வைத்து, முத்திரையை நேராக இறக்கி, ஆட்டாமல் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். விரல் அழுத்தம் சீராக விழவில்லை என்றால் முத்திரையின் முதுகில் ஒரு மரத்துண்டை ஒட்டிக்கொள்ளலாம்.

ஒற்றை நுங்கைவிடக் குலை அழகாக இருக்கும். அதற்கு முதலில் ஒரு மெல்லிய தாளில் நுங்கைப் பதித்து, விளிம்போடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் முதல் நுங்கைப் பதித்து, மை காய்ந்ததும் அதன்மேல் இந்த வெட்டுத்தாளை வைத்து மூடி, சற்றுத் தள்ளி இரண்டாவதைப் பதித்தால், இரண்டாவது நுங்கு முதலாவதற்குப் பின்னால் மறைந்திருப்பது போலத் தோன்றும். இப்படி ஐந்து நுங்குகள் வரை சேர்த்து, கீழே பெயர் முத்திரையை இடலாம்.

பின்புறத்தில் உங்கள் பெயர், அட்டையின் தலைப்பு, தேதி, வரிசை எண் ஆகியவற்றை எழுதுங்கள். ஒன்பதில் மூன்றாவது என்றால் 3/9. இந்த எண்ணை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எத்தனை பேரிடம் இந்த நுங்கு இருக்கிறது என்பதைப் பெறுபவர் அறிந்துகொள்ள வேண்டும். 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று ஏறத்தாழ 1.7 கிராம் இருக்கும். ஒன்பதையும் சேர்த்தால் 15 கிராமுக்குச் சற்று அதிகம். உறைக்குள் ஒரு கெட்டியான அட்டையைத் துணையாக வைத்தால் தபாலில் வளையாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுதியவை

அலுவலகத்தில் பயன்படும் ஊதா ஸ்டாம்ப் பேடால் பதித்தபோது கோடு பரவிவிட்டது என்று மூவர் எழுதியிருந்தார்கள். அது சாய மை. தாளின் இழைகளுக்குள் ஊறிப் பரவும், வெயிலில் வெளுக்கவும் செய்யும். நிறமி மை தாளின் மேற்பரப்பிலேயே தங்குவதால் கோடு கூர்மையாக இருக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும். நான் அட்டைகளை ஓர் இரவு முழுவதும் தனித்தனியாகப் பரப்பி வைக்கிறேன்.

வளையத்தைப் பச்சையிலும் கண்களை வேறு நிறத்திலும் பதிக்க விரும்பியவர், இரண்டு முத்திரைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றார். கண்கள் சேர்த்து வரைந்த முதல் முத்திரையை ஈர மையோடு பட்டர் பேப்பரில் பதித்து, உடனே அந்தத் தாளை அதே அளவுள்ள இரண்டாவது ரப்பரின்மேல் கவிழ்த்து அழுத்துங்கள். இரண்டிலும் படம் ஒரே இடத்தில் அமையும். பிறகு ஒன்றில் கண்களையும் மற்றொன்றில் வளையத்தையும் நீக்கிவிடலாம். இந்த முறைக்கு இரண்டு ரப்பரின் மூலைகளையும் நறுக்காமல் சதுரமாகவே விட்டு, வெளிப்பகுதியை ‘யு’ அலகால் மட்டும் தாழ்த்துங்கள். அட்டையின்மேல் ‘எல்’ வடிவ அட்டைத்துண்டு ஒன்றைப் பிடித்து, அதன் மூலையில் ரப்பரின் மூலையைச் சேர்த்துப் பதித்தால் இரண்டு நிறமும் பொருந்தும்.

முத்திரைகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்த ஒருவருக்கு, சில மாதங்களில் ரப்பர் டப்பாவோடு உருகி ஒட்டிக்கொண்டதாம். வினைல் ரப்பரை மிருதுவாக்கச் சேர்க்கப்படும் பொருள் வேறு சில பிளாஸ்டிக்குகளுக்குள் ஊடுருவி அவற்றை இளக்கிவிடும். கடையில் வாங்கும் ரப்பருக்குக் காகித உறை இருப்பதன் காரணமும் இதுவே. முத்திரை ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி, பிஸ்கட் தகர டப்பாவில் வையுங்கள். சுற்றும் தாளில் அந்த முத்திரையையே ஒருமுறை பதித்துவிட்டால், தேடும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது.