குட்டைத் தென்னை நடப் போகிறீர்களா? முதலில் காம்பைப் பாருங்கள்

கன்று வாங்கக் கிளம்புமுன் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: இளநீருக்கா, எண்ணெய்க்கா? குட்டையின் கொப்பரை காய்ந்தாலும் வளைந்து கொடுக்கும், எண்ணெயும் குறைவு, அதனால் செக்குக் கணக்கு மனதில் இருந்தால் நெட்டையோ வீரிய ஒட்டு ரகமோ பாருங்கள். இளநீர்தான் என்றால் என் ஓட்டு சௌகாட் ஆரஞ்சு குட்டைக்கு. காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1991-ல் இளநீருக்கென்றே வெளியிட்ட ரகம், 3-4 வருடத்தில் பாளை விடும்.

நர்சரியில் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், இலைக்காம்பின் நிறத்தைப் பாருங்கள். குட்டை மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முதிர்வதால் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், தாய் போலவே கன்றும் வரும். அப்படி வந்த கன்றின் காம்பு பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பழுப்போ பச்சையோ கலந்திருந்தால் பக்கத்து நெட்டையின் மகரந்தம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் நல்ல மரமாக வரலாம், ஆனால் நீங்கள் காசு கொடுத்தது அதற்கல்ல. கழுத்து, அதாவது தேங்காயிலிருந்து தண்டு கிளம்பும் இடம், தடிமனாக, 9 முதல் 12 மாத வயதில் இருப்பதை எடுங்கள்.

குழி 3 அடிக்கு 3 அடி, ஆழமும் 3 அடி, கன்றுக்குக் கன்று 25 அடி. நிழல் விழாத இடம் முக்கியம். மேல்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து ஒரு அடி வரை நிரப்பி, நடுவில் தேங்காய் மூடும் அளவுக்கு மட்டும் மண் அணையுங்கள், கழுத்து புதைந்தால் குருத்து அழுகும். வெயில் காலத்தில் இரண்டு கீற்றைச் சாய்த்து நிழல் கொடுங்கள். தண்ணீர் விஷயத்தில் நெட்டை அளவுக்கு இது பொறுக்காது, சொட்டுநீர் போட்டுவிட்டால் நிம்மதி.

அப்புறம் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈக்குக் குட்டை ரகங்கள் என்றால் ரொம்பப் பிடிக்கும். கீற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் வெள்ளை மாவில் சுருள் சுருளாக முட்டை இட்டிருக்கும், கீழ் மட்டைகளில் கரி பூசியது போல பூஞ்சணம் படரும். பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்! விஷ மருந்து அடித்தால் இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது, இவ்வளவு போதும். காண்டாமிருக வண்டுக்கு வேப்பம் புண்ணாக்கையும் மணலையும் கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடுங்கள்.

பாளை வெடித்து ஏழாம் மாதம் இளநீர் வெட்டலாம். ஆரம்ப வருடங்களில் மரம் ஏற ஆள் தேட வேண்டாம், தரையில் நின்றபடியே குலையைப் பிடித்து அறுத்துவிடலாம்.