வீட்டுப்பாட நேரத்தில் சண்டை வேண்டாம்: சிவப்புப் பேனாவைப் பிள்ளை கையில் கொடுங்கள்

"நோட்டை எடு" என்று சொன்ன மறு நிமிடம் பிள்ளைக்குத் தாகம் எடுக்கும், பாத்ரூம் வரும், பென்சில் முனை உடையும். என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பத்து வரி எழுத ஒன்றரை மணி நேரம் ஆகும். எழுதியது கால் மணி நேரம், மீதியெல்லாம் இரண்டு பேரும் கத்தியது. அதன் பிறகு செய்து பார்த்து, எங்கள் வீட்டில் நிலைத்த வழிகள் இவை. சிவப்புப் பேனா, பழைய அட்டை, கத்தரிக்கோல் இருந்தால் போதும்.

படி 1: நேரத்துக்கு எல்லை

அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஒன்றாம் வகுப்புக்கு 10 நிமிடம், இரண்டாம் வகுப்புக்கு 20, மூன்றாம் வகுப்புக்கு 30. சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்ல அளவு. நேரம் முடிந்தும் வேலை முடியவில்லையா? அந்த இடத்தில் கோடு போட்டு, "இதுவரை 20 நிமிடம் ஆனது" என்று ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை எங்கே திணறுகிறது என்று அவருக்கு வேறு எப்படித் தெரியும்?

அப்புறம், "எழுதலாமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "கணக்கு முதலிலா, தமிழ் முதலிலா?" என்று கேளுங்கள்.

படி 2: இடம் மாறி உட்காருங்கள்

என்னைக் கேட்டால், இந்த ஒன்றிலேயே பாதிச் சண்டை போய்விடும். பிள்ளை டீச்சர், நீங்கள் மாணவர். பாடத்திலிருந்து ஐந்து வாக்கியங்களைப் பிள்ளை வாசிக்க, நீங்கள் ஒரு தாளில் எழுத வேண்டும், இரண்டு தப்போடு. திருத்தும் சிவப்புப் பேனா பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும்.

முதல் நாள் நான், "நான் தினமும் பல்லிக்குப் போகிறேன்" என்று எழுதிக் காட்டினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, பல்லி சுவரில் இருக்கும்!" என்று அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, மேலே 'பள்ளி' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். மறுநாள் "நேற்று மலை பெய்தது" என்று எழுதினேன். மலை பெய்தால் நம் தலை என்ன ஆவது என்று கேட்டு, பத்துக்கு மூன்று மார்க் போட்டாள். அதுவரை ல, ள, ழ வித்தியாசத்தை நான் எத்தனையோ தடவை சொல்லியும் மண்டையில் ஏறியதில்லை.

தப்பு செய்வதிலும் ஒரு கணக்கு உண்டு. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லில் மட்டும் தப்பு விடுங்கள். இன்றுதான் படித்த புதுச் சொல்லில் விட்டால், தப்பே மனதில் பதிந்துவிடலாம். கடைசியில் டீச்சர் சரியான விடையை எழுதிக் காட்ட வேண்டும் அல்லவா? அதைத் தன் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் முடிந்தது.

படி 3: வாய்ப்பாட்டைச் சுருக்குங்கள்

1 முதல் 10 வரை வாய்ப்பாடு என்றால் மொத்தம் 100 வரி. பிள்ளை மிரளத்தான் செய்யும். 3×4, 4×3 இரண்டும் ஒன்றே என்று, புள்ளிகளை வரிசையாக வைத்துத் தாளைத் திருப்பிக் காட்டுங்கள். 100 போய் 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 வருகிற கணக்குகள் சுலபம். அவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 21தான்! அட்டையை 21 துண்டாக வெட்டி, முன்னால் கேள்வியும் பின்னால் விடையும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து அட்டை. சரியாகச் சொன்னது டப்பாவுக்குள் போகும், தப்பானது கட்டின் அடியில் போகும். டப்பாவில் இருப்பதையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை எடுத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடும். 7×8 எங்கள் வீட்டில் டப்பாவுக்குள் போக இரண்டு வாரம் ஆனது.

படி 4: பார்த்து எழுதும் வேலை

ஒரு சொல்லை ஐந்து தடவை எழுதச் சொன்னால், கை எழுதும், மனம் எங்கோ இருக்கும். சொல்லைப் பார்த்து, கையால் மூடி, நினைவிலிருந்து எழுதி, திறந்து சரிபார்க்கட்டும். நினைவிலிருந்து எடுத்து எழுதுவதுதான் நன்றாகத் தங்கும்.

படி 5: பரிசில் கவனம்

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த பிரிவில் ஆசை குறையவில்லை. வீட்டுப்பாடத்தை யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லைதான். இருந்தாலும், விளையாட்டாக மாறிய வேலையின் மேல் ஸ்டிக்கர் பேரம் பேசாதீர்கள் என்பேன். என்றாவது ஒரு நாள், சொல்லாமல் கொடுங்கள்.

தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் இதில் எதுவும் எடுபடாது. அன்று இரண்டு அட்டையோடு நிறுத்திவிடுங்கள்.

சிவப்புப் பேனா மட்டும் பள்ளிப் பைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மகள் ஒரு நாள் அதைக் கொண்டுபோய், பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் நோட்டு முழுக்கத் திருத்திவிட்டு வந்தாள்.